காணாமல் போன ஐம்பது கஜம்

ஐயங்கார்குளத்தில் கோல்ஃப் திடல் கிடையாது. சஞ்சீவிராயர் கோயில் உண்டு, அதையொட்டித் தாத்தாச்சாரியார் வெட்டுவித்த பெரிய குளம் உண்டு, சித்ரா பௌர்ணமிக்குக் காஞ்சி வரதர் எழுந்தருளும் நடவாவிக் கிணறு உண்டு. கோல்ஃப் வேண்டுமென்றால் காஞ்சிபுரம் தாண்டி, எண்பது கிலோமீட்டர் போலப் பயணம் செய்து, சென்னை நந்தனத்துக்குத்தான் போக வேண்டும். இருந்தும் அந்த ஊரில் ஒரு வீட்டுப் பரணில், காலி நெல் சாக்குகளுக்கும் பழைய தொட்டிலுக்கும் நடுவே, முழு கோல்ஃப் செட் ஒன்று இருபது வருடத்துக்கு மேலாகக் கிடந்தது.

மட்டைகள் என் சித்தப்பாவுடையவை. ராணுவ அதிகாரியாக இருந்தவர். 1980களின் கடைசியில் குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் பணியாற்றியபோது, மாற்றலாகிப் போன சீனியர் ஒருவரிடம் வாங்கிய செட் அது. ஓய்வு பெற்று ஊர் திரும்பியதும் கழனி, கிணற்று மோட்டார், பேரப்பிள்ளைகள் என்று நாள் ஓடிவிட்டது. நடவாவித் திருவிழாவுக்கு உறவுக்காரர்கள் வருகிறார்கள் என்று வீட்டை ஒழித்தபோது பை பரணிலிருந்து இறங்கியது. சென்னையில் இருக்கும் மகன் அப்பாவைப் பயிற்சித் திடல் ஒன்றுக்கு அழைத்துப் போனான். திரும்பி வந்த சித்தப்பா என்னைக் கூப்பிட்டார்.

"வெலிங்டன்ல அடிச்சா இருநூத்தி இருபது கஜம் போகும்பா. இப்ப நூத்தி எழுபதத் தாண்ட மாட்டேங்குது. மட்டை செத்துப்போச்சு. நீதான் சயின்ஸ் எழுதறவனாச்சே, சொல்லு. மொத்தத்தையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடட்டுமா?"

"அவசரப்படாதீங்க சித்தப்பா. அந்த அம்பது கஜம் எங்க போச்சுன்னு முதல்ல கணக்குப் பாப்போம்."

கணக்குப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. இன்று தூரத்துக்கு அடிக்கும் டிரைவர் மட்டை, நல்லதாக ஒன்று மட்டுமே ஐம்பதாயிரம் ரூபாயைத் தொடுகிறது. விதிப்படி ஒருவர் பையில் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். கடைக்காரர் சொல்வதைக் கேட்டால் பதினான்கையும் மாற்றத் தோன்றும்.

முதலில் காற்று. வெலிங்டன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் சென்னையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். சென்னை வெயிலில் காற்று கொஞ்சம் விரிந்து லேசாகிவிடுவதால் இடைவெளி சற்றுக் குறையும். அப்படியும் மலைக்காற்றின் அடர்த்தி சமவெளிக் காற்றைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு. பறக்கும் பந்தைப் பின்னுக்கு இழுப்பது காற்று. அது மெலிந்தால் பந்து தூரம் போகும்.

அதற்காக 15 சதவீதமும் தூரமாக மாறிவிடாது. கோல்ஃப் பந்து வெறுமனே எறியப்பட்ட கல்லைப்போலப் போவதில்லை. அடி விழுந்ததும் நிமிடத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் சுற்று என்ற வேகத்தில் பின்பக்கமாகச் சுழன்றுகொண்டே போகிறது. சுழலும் பந்து தன்னைச் சுற்றி ஓடும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. பதிலுக்குக் காற்று பந்தை மேலே தூக்குகிறது. பந்தின் மேலுள்ள நூற்றுக்கணக்கான குழிகள் இந்தத் தூக்கலைக் கூட்டி, இழுவையைக் குறைக்கின்றன. குழி வைத்த பந்துக்கு இங்கிலாந்துக்காரர் வில்லியம் டெய்லர் 1905இல் காப்புரிமை கோரினார். குழியில்லாத வழவழப்பான பந்தை அடித்தால் பாதி தூரத்தில் விழுந்துவிடும். ஆக, மலைக்காற்று இழுவையைக் குறைக்கும்போதே தூக்கலையும் சேர்த்துக் குறைத்துவிடுகிறது. லாபநஷ்டம் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது ஐந்து சதவீதம் போல. 220 கஜத்தில் அது பத்து, பதினொரு கஜம். அதாவது சித்தப்பா அதே வயதில், அதே மட்டையால், அதே அடியை நந்தனத்தில் அடித்திருந்தாலும் 210 கஜத்தைத்தான் பார்த்திருப்பார். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஆடிப் பழகியவர்கள் கீழே இறங்கியதும் மட்டையைத் திட்டுவது புதிதல்ல.

அடுத்தது சொல்லச் சங்கடமானது. உடம்பு. டிரைவரைச் சுழற்றி அடிக்கும் சுற்றில் வேகம் கையில் பிறப்பதில்லை. இடுப்பு திரும்பி, அது மார்பைத் திருப்பி, மார்பு தோளை இழுத்து, தோள் கையை இழுத்து, கடைசியில் மணிக்கட்டு அவிழும்போது மட்டையின் தலை உச்ச வேகத்தை அடைகிறது. இடுப்பும் முதுகும் எவ்வளவு திரும்பும், தசை எவ்வளவு சீக்கிரம் சுருங்கும் என்பவைதான் இதில் முக்கியம். வயதாகும்போது தசையின் பலம் குறைவதைவிட வேகமாக, பலத்தைச் சட்டென்று வெளியிடும் திறன் குறைகிறது. சட்டென்று சுருங்கும் வகைத் தசையிழைகள்தான் அதிகம் மெலிகின்றன. மூட்டை தூக்கும் தெம்பு இருக்கிற கிழவருக்கும் அந்த விசுக்கு இருக்காது. நாற்பது வயதில் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் மட்டைத் தலையைச் சுழற்றியவர் அறுபத்தைந்தில் 130, 135இல் நிற்பது சாதாரணம். மட்டைத் தலையின் வேகத்தில் மணிக்கு ஒரு கிலோமீட்டர் குறைந்தால் தூரத்தில் ஒன்றரை கஜத்துக்கு மேல் போகும். இங்கேயே முப்பது கஜம் கரைந்துவிட்டது.

காற்றுக்குப் பத்து, உடம்புக்கு முப்பது. மீதிப் பத்தில் பயிற்சித் திடலின் பந்துக்கு ஒரு பங்கு. ஆயிரம் அடி வாங்கித் தேய்ந்த பந்துகள் அவை. பல திடல்களில் வேலி தாண்டிப் போய்விடக் கூடாது என்று குறைந்த தூரம் போகும் பந்துகளையே வாங்கி வைக்கிறார்கள். மிச்சத்துக்குக் காரணம் பந்து மட்டையின் நடுவில் படாதது. மட்டைத் தலை கெட்டுப்போனதால் குறைந்தது என்று தனியாக எழுத ஒரு கஜம்கூட மிஞ்சவில்லை.

உலோகத் தலை சும்மா கிடந்து கெட்டுப்போகும் பொருளே இல்லை. அயர்ன் எனப்படும் எஃகு மட்டையின் முகம் இருபது வருடம் பரணில் கிடந்தாலும் எஃகுதான். அதனால் கேள்வியை மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய மட்டையில் என்ன தேய்ந்தது என்பது ஒரு கேள்வி. அது கிடந்த காலத்தில் வெளியே என்ன முன்னேறியது என்பது வேறொரு கேள்வி. வாங்கலாமா என்று கேட்பவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முன்னேறியது எது என்றால் முதலில் டிரைவர். சித்தப்பாவின் டிரைவர் தலை மரத்தால் ஆனது. பெர்சிமன் என்ற அமெரிக்க மரம். நம் ஊரில் பீடி சுற்றும் இலையைத் தருகிற மரமும் இதே குடும்பத்துக்குள், இதே பேரினத்தில் வருகிறது. கருங்காலியும் அப்படித்தான். இறுக்கமான, கனமான கட்டை. 1979இல் டெய்லர்மேட் நிறுவனம் எஃகுத் தலை வைத்த டிரைவரைக் கொண்டுவந்தபோது பலர் சிரித்தார்கள். 1991இல் காலவே நிறுவனத்தின் பிக் பெர்த்தா வந்தது. உள்ளே குடைவான எஃகுத் தலை, 190 கன சென்டிமீட்டர். அன்றைக்கு அது ராட்சத அளவு. நான்கு வருடத்தில் டைட்டானியம் வந்தது. எஃகின் அடர்த்தி 7.8 என்றால் டைட்டானியத்துக்கு 4.5. எடையைக் கூட்டாமல் தலையை ஊதிப் பெரிதாக்கலாம், முகத்தை மெல்லிய தகடாக்கலாம். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடல்மணலில் கிடக்கும் இல்மனைட்டில் இருப்பதும் இந்த டைட்டானியம்தான். உலகில் அதன் பெரும்பகுதி வெள்ளைப் பெயிண்டாகிச் சுவரில் ஏறுகிறது. கொஞ்சம் விமானத்துக்கும் கோல்ஃபுக்கும் போகிறது.

மெல்லிய முகத்தால் என்ன லாபம்? மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் பந்து நசுங்கி மறுபடி உருண்டையாகிறது. நசுங்கும் ரப்பர் வாங்கிய ஆற்றலையெல்லாம் திருப்பித் தராது. ஒரு பகுதி சூடாக வீணாகும். மட்டையின் முகம் கட்டையாக இருந்தால் நசுங்குவது முழுக்கப் பந்தின் வேலை. முகம் மெல்லிய தகடாக இருந்தால் அதுவும் கொஞ்சம் உள்ளே வளைந்து, வாங்கியதை ஏறக்குறைய அப்படியே திருப்பித் தரும். பந்து குறைவாக நசுங்கும், வீணாவதும் குறையும். இதை அளக்கும் எண் ஒன்று உண்டு. மோதிப் பிரியும் வேகத்தை மோதும் வேகத்தால் வகுத்தால் வருவது. ஒன்றும் வீணாகாவிட்டால் 1. மரத் தலைக்கு அது சுமார் 0.78. டைட்டானியத் தலை 0.83ஐத் தாண்டிப் போகத் தொடங்கியதும் அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1998இல் கடிவாளம் போட்டது. 2008இலிருந்து உலகம் முழுக்க எல்லா ஆட்டக்காரருக்கும் 0.83தான் எல்லை.

0.78க்கும் 0.83க்கும் இடையில் எத்தனை கஜம் என்று பள்ளிக்கூடப் பௌதிகத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். டிரைவர் தலை 200 கிராம், பந்து 46 கிராம். சித்தப்பாவின் இன்றைய வேகம் மணிக்கு 134 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மரத் தலையிலிருந்து பந்து மணிக்கு 194 கிலோமீட்டரில் கிளம்பும். டைட்டானியத் தலையிலிருந்து 199. ஐந்து கிலோமீட்டர் வித்தியாசம். தரையில் ஆறேழு கஜம். விளம்பரத்தில் காட்டும் மாயமெல்லாம் நடு முகத்தில் பட்ட அடிக்கு இவ்வளவுதான். மலையிலிருந்து இறங்கியதில் இழந்தது இதைவிட அதிகம்.

ஆனால் நம்மைப் போன்றவர்களின் அடி நடுவில் படுவதில்லை. அங்கேதான் புது டிரைவர் தன் காசுக்கு வேலை செய்கிறது. பந்து நடுவிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் பட்டால் மட்டைத் தலை கையில் முறுக்கிக்கொள்ளும். முறுக்கலுக்குப் போன ஆற்றல் பந்துக்கு இல்லை. எடை முழுக்க நடுவில் குவிந்த தலை சுலபமாக முறுக்கும். எடையை ஓரங்களுக்குத் தள்ளி வைத்த தலை அவ்வளவு எளிதில் திரும்பாது. தோளில் தண்ணீர்க் காவடி சுமந்துகொண்டு சட்டென்று திரும்பிப் பார்க்க முயன்றவருக்கு இது புரியும். இரண்டு முனையிலும் தொங்கும் குடங்கள் திரும்ப விடாது. அதே எடையை இடுப்பில் வைத்திருந்தால் சுலபமாகத் திரும்பிவிடலாம். இந்த அடங்காத்தன்மையைச் நிலைமத் திருப்புத்திறன் என்கிறது நம் பாடநூல். மரத் தலைக்கு அது சுமார் 2,000 அலகு (கிராம் சதுர சென்டிமீட்டர்). இப்போதைய பெரிய தலைகளில் 5,000 என்பது சாதாரணம். இதற்கும் 5,900 என்று விதி எல்லை கட்டியிருக்கிறது. மேலே போட்ட அதே கணக்கை இரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் போட்டால், மரத் தலையில் பந்தின் வேகம் 7 சதவீதம் போலக் குறையும். புதுத் தலையில் 3 சதவீதம்தான். இந்த வித்தியாசம் மட்டும் எட்டொன்பது கஜம். இரண்டையும் கூட்டினால் பதினைந்து கஜம். அதோடு பழைய எஃகுத் தண்டு 120 கிராம் இருந்தால் இன்றைய கிராஃபைட் தண்டு 60 கிராமுக்குள் அடங்கிவிடுகிறது. வேகம் குறைந்த தோளுக்கு அது ஓர் உபகாரம்.

அதனால் டிரைவர் விஷயத்தில் சித்தப்பாவுக்கு நான் சொன்னது, வாங்குங்கள் என்றுதான். ஆனால் இந்த வருட மாடலை அல்ல. தலையின் கொள்ளளவுக்கு 2004இலிருந்தே 460 கன சென்டிமீட்டர் என்று உச்சவரம்பு இருக்கிறது. முகத்தின் துள்ளலுக்கும் எல்லை. ஆக, இருபது வருடமாக எல்லா நிறுவனங்களும் ஒரே சுவரில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. பத்து, பதினைந்து வருடம் பழைய நல்ல டிரைவர் நடு அடியில் புதியதைவிட ஒரு கஜம்கூடக் குறையப் போவதில்லை. அதைச் செகண்ட் ஹாண்டில் கால் விலைக்கு வாங்கலாம். போலி மட்டைகள் சந்தையில் புழங்குவதால், தெரிந்தவர் கையிலிருந்து வாங்குவது நல்லது.

அயர்ன் மட்டைகள் கதையே வேறு. மகன் தன் ஏழாம் எண் அயர்னில் அப்பாவைவிட இருபத்தைந்து கஜம் அதிகம் அடித்தான் என்பது சித்தப்பாவின் இரண்டாவது வருத்தம். இரண்டு மட்டைகளையும் திண்ணையில் நிறுத்தி, பேரனின் ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்த பாகைமானியை வைத்துப் பார்த்தோம். சித்தப்பாவின் மட்டை முகம் 36 பாகைக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்தது. மகனுடையது முப்பதுக்கும் கீழே. சாய்வு குறைந்தால் பந்து தாழ்வாக, தூரமாகப் போகும். அதாவது மகன் அடித்தது பழைய கணக்கில் ஐந்தாம் எண் மட்டை. மேலே ஏழு என்று பொறித்திருக்கிறது, அவ்வளவுதான். புது அயர்னின் அடியில் கொழுத்த எடை இருப்பதால் சாய்வு குறைந்த முகமும் பந்தை உயரத் தூக்கிவிடுகிறது என்பது உண்மை. நிறுவனங்கள் செய்வதைப் பித்தலாட்டம் என்று முழுசாகத் தள்ள முடியாது. ஆனால் எண்ணைப் பார்த்து வயிறெரிய வேண்டியதில்லை.

எடையை ஓரத்துக்குத் தள்ளும் வேலையும் அயர்னில் புதுசு அல்ல. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் பொறியாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம், தன் பந்து குழியில் விழவில்லை என்ற எரிச்சலில் 1959இல் வீட்டுக் கார் ஷெட்டில், பந்தைக் குழிக்கு உருட்டும் பட்டர் மட்டை ஒன்றைச் செய்தார். எடையை இரண்டு ஓரத்திலும் வைத்தார். பந்தைத் தட்டினால் 'பிங்' என்று சத்தம் வந்தது. அதுவே கம்பெனியின் பெயரானது. 1982இல் வந்த அவருடைய 'பிங் ஐ 2' அயர்ன், முதுகு குடைந்து ஓரம் தடித்தது. சித்தப்பாவின் செட்டும் அதே தலைமுறைக் குடைவு முதுகு வகைதான். அவற்றை மாற்றிச் சம்பாதிக்கப்போவது அதிகமில்லை.

முகத்தில் உள்ள வரிப்பள்ளங்களைப் பற்றிப் பலருக்கும் ஒரு தப்பான எண்ணம் உண்டு. அவை பந்தைக் கடித்துச் சுழற்றுவதில்லை. காய்ந்த தரையில் வழவழப்பான முகமும் ஏறக்குறைய அதே சுழற்சியைத் தரும். ஈரப் புல்லில் அடிக்கும்போது பந்துக்கும் முகத்துக்கும் நடுவே நசுங்கும் புல்சாற்றை வடியவிடுவதுதான் அவற்றின் வேலை. மணல் குழியிலிருந்து அடிக்கும் வெட்ஜ் மட்டையில் இந்தப் பள்ளங்கள் சீக்கிரம் தேயும், ஏனென்றால் மணலின் குவார்ட்ஸ் எஃகைவிடக் கடினம். அந்த ஒரு மட்டையை மட்டும் நகத்தால் வருடிப் பாருங்கள். பள்ளத்தின் விளிம்பில் நகம் தடுக்காவிட்டால் வெட்ஜ் ஓய்வு கேட்கிறது என்று பொருள்.

இனி, பரணில் உண்மையிலேயே செத்தவை. உலோகம் அல்ல, உலோகத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவை.

முதலில் கிரிப், அதாவது ரப்பர் கைப்பிடி. இயற்கை ரப்பரின் நீண்ட சங்கிலிகளைக் கந்தகம் அங்கங்கே முடிச்சுப் போட்டுப் பிணைத்திருக்கிறது. காற்றின் ஆக்சிஜனும் ஓசோனும் அந்தச் சங்கிலிகளைத் தாக்குகின்றன. சில இடத்தில் அறுந்து பிசுபிசுக்கும், சில இடத்தில் புதிய முடிச்சுகள் விழுந்து இறுகும். வெப்பம் கூடக்கூட இந்த வினை வேகமெடுக்கும். காஞ்சிபுரம் பக்கத்துக் கத்திரி வெயிலில் ஓட்டுக்குக் கீழே இருக்கும் பரண் எப்படிக் கொதிக்கும் என்று தனியே சொல்ல வேண்டாம். சித்தப்பாவின் கிரிப்புகள் கறுத்துப் பளபளத்து, நகத்தை அழுத்தினால் தடம் விழாத அளவுக்கு இறுகிக் கிடந்தன. வழுக்கும் கிரிப்பை மனிதன் தன்னையறியாமல் இறுக்கிப் பிடிக்கிறான். முன்கை விறைத்துக்கொள்கிறது, மணிக்கட்டு அவிழ மறுக்கிறது, இருக்கிற வேகமும் போய்விடுகிறது. மட்டை செத்துப்போச்சு என்று அவருக்குத் தோன்றியதில் பாதி இந்தக் கிரிப்பின் வேலை.

அடுத்து தண்டு. எஃகுத் தண்டின் மேல் நிக்கல், அதன் மேல் குரோமியம் பூசியிருப்பார்கள். பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. வியர்வை உப்பும் ஈரமும் அதன் வழி இறங்கும். கிரிப்புக்கு அடியில் ஒளிந்திருக்கும் துரு ஒருவகை, குழாயின் உள்ளே பிடிப்பது இன்னொரு வகை. எஃகுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே வளைத்தால் எத்தனை லட்சம் தடவை வளைத்தாலும் களைக்காது. துரு அந்தக் குணத்தைக் கெடுத்துவிடும். துருக்குழி ஒவ்வொன்றும் விரிசலுக்கு வாசல். மேலாகப் படிந்த பழுப்பைத் தேய்த்து எடுத்துவிடலாம். தேய்த்தபின் விரல் நகம் குழியில் மாட்டினால் அந்தத் தண்டை நம்பக் கூடாது. கிராஃபைட் தண்டு துருப்பிடிக்காது. அங்கே பார்க்க வேண்டியது பையின் விளிம்பில் உரசி விழுந்த வெட்டுகளையும், இழை பிரிந்த இடங்களையும்.

மூன்றாவது பசை. தலையையும் தண்டையும் சேர்த்து வைத்திருப்பது எபாக்சி. சூட்டில் இளகி, குளிரில் இறுகி, ஓரத்தில் ஈரம் ஏறி, வருடக்கணக்கில் அதன் பிடி தளரும். ஒரு கையால் தண்டையும் மறு கையால் தலையையும் பிடித்து முறுக்கினால் சின்னச் சொடுக்குச் சத்தம் கேட்கும், இல்லையென்றால் தலையை ஒட்டிய கறுப்பு வளையம் மேலே நகர்ந்து இடைவெளி தெரியும். அப்படி இருந்தால் ஆடவே கூடாது. கால் கிலோ உலோகம் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் கழன்று போவது விளையாட்டு அல்ல. மரத் தலையில் இது இன்னும் மோசம். நம் மழைக்காலத்தில் கட்டை ஊதும், கோடையில் சுருங்கும், கழுத்தில் சுற்றிய நூல்கட்டு தளரும். சித்தப்பாவின் பெர்சிமன் டிரைவரில் கட்டு அவிழ்ந்து தொங்கியது. அதை மட்டும் சுவரில் மாட்டச் சொல்லிவிட்டேன்.

நான்காவது, யாரும் நினைத்துப் பார்க்காதது. ஷூ. அலமாரியில் வருடக்கணக்கில் கிடந்த விளையாட்டு ஷூவைப் போட்டு நடந்தால் அடிப்பாகம் பொலபொலவென்று உதிர்வதைப் பலர் பார்த்திருப்பார்கள். நடு அடியில் இருக்கும் பாலியூரித்தேன் நுரையைக் காற்றிலுள்ள ஈரப்பதமே உடைக்கிறது. நீர் மூலக்கூறு சங்கிலியை அறுக்கும் வினை அது. போடாமல் வைத்தாலும் நடக்கும், ஈரமும் சூடும் உள்ள நம் ஊரில் வேகமாகவே நடக்கும். பழைய ஷூவைத் திடலுக்குக் கொண்டுபோய்ச் சோதிக்காமல் வீட்டு வாசலிலேயே ஓங்கி மிதித்துப் பாருங்கள்.

பக்கப் பையில் கிடந்த பந்துகளையும் எறிந்துவிடலாம். அவருடைய காலத்துப் பந்து, ரப்பர் உருண்டைமேல் ரப்பர் நூலை இழுத்துச் சுற்றி அதன்மேல் உறை போட்டது. 1898இல் ஹாஸ்கெல் என்பவர் கண்டுபிடித்த முறை, நூறு வருடம் கோலோச்சியது. 2000இன் கடைசியில் டைட்டிலிஸ்ட் நிறுவனத்தின் புரோ வி1 பந்து வந்ததும் நூல் சுற்றிய பந்து கடையிலிருந்தே மறைந்தது. இழுத்த நிலையிலேயே வருடக்கணக்கில் கிடந்த ரப்பர் நூலில் துள்ளல் எங்கே இருக்கும்? புதுப் பந்து வாங்குவதுதான் இருப்பதிலேயே மலிவான முன்னேற்றம்.

எப்போது வாங்குவது என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். கற்ற சுற்று மூளையில் அழிவதில்லை. சைக்கிள் ஓட்டும், நீந்தும் திறமைகளைப் போலப் பல வருடம் கழித்தும் இருக்கும். ஆனால் அது நாற்பது வயது முதுகுக்கு எழுதின சுற்று. இப்போதைய முதுகு அதோடு சமரசம் ஆகச் சில மாதம் பிடிக்கும். அதுவரை வேகம், அடி விழும் இடம் எல்லாமே மாறிக்கொண்டிருக்கும். தண்டின் வளைவையும் முகச் சாய்வையும் ஆளுக்குத் தகுந்தபடி அளந்து கொடுக்கிறார்கள். நல்ல சேவைதான். இன்றைக்கு இருக்கிற குழம்பிய சுற்றை அளந்தால், அடுத்த பொங்கலுக்குள் பொருந்தாமல் போகும் மட்டைக்குக் காசு கொடுத்ததாகும். கிரிப்பும் பந்தும் ஷூவும் இப்போதே, டிரைவர் சுற்று நிலைத்தபின், அயர்ன்கள் தேவைப்பட்டால். பட்டர் மட்டையைப் பற்றிச் சித்தப்பா கேட்டார். அதன் வேலை பந்தை மெதுவாக உருட்டுவது. கண்ணுக்கும் கைக்கும் பழகினதை எந்த அறிவியலும் மாற்றச் சொல்லாது.

கிரிப் மாற்றக் கடைக்குப் போக வேண்டியதில்லை. வளைந்த பிளேடால் பழைய கிரிப்பை நீளவாக்கில், உடம்புக்கு எதிர்ப்பக்கமாக வெட்டி உரிக்க வேண்டும். கிராஃபைட் தண்டாக இருந்தால் பிளேடு இழையில் பட்டுவிடாமல் மெதுவாக. பழைய டேப்பைச் சுரண்டிவிட்டு, இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பைச் சுற்ற வேண்டும். விரல் மூட்டு வலிக்காரர்களுக்கு டேப்பை இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றினால் பிடி தடிக்கும், இறுக்கிப் பிடிக்க வேண்டிய அவசியம் குறையும். புதுக் கிரிப்பின் நுனித் துளையை விரலால் அடைத்துக்கொண்டு, பெயிண்டர்கள் பயன்படுத்தும் டர்பன்டைனை உள்ளே ஊற்றிக் குலுக்கி, அதையே டேப்பின் மேலும் வழியவிட்டு, ஒரே மூச்சில் தள்ள வேண்டும். பாதியில் நிறுத்தினால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். அடுப்பும் விளக்கும் பக்கத்தில் இருக்கக் கூடாது, ஆவி எளிதில் பற்றும். வீட்டில் இருக்கிறதே என்று மண்ணெண்ணெயை எடுக்காதீர்கள். அது சுலபத்தில் ஆவியாகாது, ரப்பருக்குள் ஊறி அதை ஊத வைக்கும், கிரிப் வாரக்கணக்கில் வழுக்கிக்கொண்டே இருக்கும். டர்பன்டைன் என்றால் ஓர் இரவு காற்றாட வைத்தால் போதும். காலையில் கிரிப்பைப் பிடித்து முறுக்கிப் பார்த்து, அசையாவிட்டால் ஆடலாம்.